வேலை இல்லாமல் ஒரு நாள் சென்னைக்குப் போங்கள்

காஞ்சிபுரம் பக்கத்துக் காவாந்தண்டலத்தில் யாரைக் கேட்டாலும் சென்னைக்குப் போயிருப்பார். பெரியாஸ்பத்திரிக்கு ஒரு தடவை, பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு தடவை, துபாய்க்குப் போகிற பையனை மீனம்பாக்கத்தில் ஏற்றிவிட ஒரு தடவை. சுற்றிப் பார்க்கப் போனீர்களா என்று கேளுங்கள், ஒரு மாதிரி பார்ப்பார்கள். “அங்க இன்னா கீது பாக்க? கூட்டம்தான்” என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

அந்தப் பேச்சை அதிகம் கேட்டவன் நான். அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றேன். காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் நடுவே ஓடியே பாதி ஆயுசு போயிற்று. 2002இல் கோயம்பேடு நிலையம் திறக்கும்வரை நம் வண்டிகள் பாரிமுனை வரைக்கும் போகும். வண்டியை நிறுத்தியதும் இன்வாய்ஸ் எழுதி, கலெக்‌ஷனை எண்ணி, ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த சிங்கிளுக்குக் குரல் கொடுக்க ஆரம்பித்துவிடுவேன். கண்ணெதிரே உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடம் நிற்கும். அதன் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கு எரிந்தது என்பதை, ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்காரம்மாவோடு சும்மா போய் நின்றபோதுதான் தெரிந்துகொண்டேன். கப்பல்காரன் நடுக்கடலில் தேடிய வெளிச்சத்தின் அடியில் நின்று ‘பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம்’ என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதே வளாகத்தில் அதற்கும் பழைய விளக்குத் தூண் ஒன்று உண்டு. 1844இல் எரியத் தொடங்கியது. சுற்றுச்சுவரில் ஒரு கல்வெட்டும் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து குண்டு போட்டது. துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. ஒரு குண்டு விழுந்த இடத்தைத்தான் அந்தக் கல் சொல்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகிற சுவர் அது.

போகிற வழியைச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் பிழைத்தவனே ரயிலில் போகச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரத்திலோ வாலாஜாபாத்திலோ ஏறினால் செங்கல்பட்டு வழியாகக் கடற்கரை நிலையம் வரை ஒரே வண்டி. வண்டிகள் குறைவு; நேரம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அது தவறினால் செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் போங்கள், அங்கிருந்து மின்சார ரயில் அடிக்கடி கிடைக்கும். செங்கல்பட்டு தாண்டியதும் கொளவாய் ஏரி வரும். பல்லாவரத்தில் வண்டி நிற்கும்போது கொஞ்சம் வெளியே பாருங்கள். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் அங்கேதான் ஆதிமனிதன் செதுக்கிய கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அவர் சேர்த்த கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கடற்கரை நிலையத்தில் இறங்கிப் பறக்கும் ரயிலுக்கு மாறினால் கோட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், மயிலாப்பூர் என்று பார்க்க வேண்டியவை எல்லாம் வரிசையாக ஒரே தடத்தில் வந்துவிடும். ஆட்டோக்காரரோடு பேரம் பேசுகிற வேலையே இல்லை.

முதலில் கோட்டை. 1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் டே மணல்திட்டை வாங்கினார். அடுத்த ஆண்டே கோட்டை எழும்பத் தொடங்கியது. தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உள்ளே இருப்பதால் வாசலில் சோதனை பலமாக இருக்கும். நமக்கு அங்கே இரண்டு இடம் போதும். ஒன்று புனித மேரி தேவாலயம். 1680இல் திறந்தது, குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கூரையைக் கனத்த வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். ராபர்ட் கிளைவுக்கு 1753இல் கல்யாணம் நடந்தது இங்கேதான். இன்னொன்று அருங்காட்சியகம். 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை அங்கே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். மற்ற வாள், நாணயம், பீங்கான் தட்டெல்லாம் கால் வலிக்கும்வரை பார்த்தால் போதும். சட்டமன்றத்தின் பக்கம் நின்றபோது எனக்கு ஒரு பெருமிதம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். குடவோலையில் பேர் எழுதி ஆள் தேர்ந்தெடுத்த விதிகளை முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், நம் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் வெட்டி வைத்துவிட்டார்கள். கோட்டைக்கு அஸ்திவாரம் போட்டது அதற்கு எழுநூறு வருஷம் கழித்து.

பிறகு மெரினா. எல்லோரும் பார்த்த இடம்தான், ஆனாலும் நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். காமராஜர் சாலையிலிருந்து அலை வரைக்கும் மணலில் நடந்து நடந்து சலித்துப்போய் வீட்டுக்காரம்மா கேட்டாள்: “ஏங்க, இம்மாம் மணலும் எங்கருந்துங்க வந்துச்சு?”

செய்யாற்றங்கரையில் பிறந்தவளுக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மணல் ஓரிடத்தை விட்டுப் போவதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

இந்த மணல்வெளி முன்பு இவ்வளவு கிடையாது. கோட்டை கட்டிய நாளில் கடல் அதன் கிழக்கு மதிலை ஒட்டி அடித்துக்கொண்டிருந்தது. துறைமுகமும் இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போடும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஆளும் சரக்கும் அலையில் ஏறி இறங்கிக் கரைக்கு வரும். படகு கவிழ்ந்து போன சரக்குக்கும் உயிருக்கும் கணக்கில்லை. அதனால் 1876இல் கடலுக்குள் கல் சுவர் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதில் பெரும்பகுதியை உடைத்தும் விடாமல் திரும்பக் கட்டினார்கள். அந்தச் சுவர்தான் மெரினாவை உண்டாக்கியது.

நம் கிழக்குக் கரையில் தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் அலை நேராக வராது, சாய்ந்து வரும். ஒவ்வொரு அலையும் மணலைக் கொஞ்சம் வடக்கே தள்ளிவிட்டுப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் திசை மாறித் தெற்கே தள்ளும். ஆனால் அது சில மாதம்தான். வருஷக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் மிச்சம். குறுக்கே துறைமுகச் சுவர் வந்ததும் வாய்க்காலில் மடையை அடைத்த கதைதான்: மேல்பக்கம் வண்டல் சேரும், கீழ்ப்பக்கம் கரை அரிக்கும். சுவருக்குத் தெற்கே மணல் குவியக் குவியக் கடல் பின்வாங்கிக்கொண்டே போயிற்று. 1880களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அந்தப் புது மணலை ஒட்டி நடைபாதை போட்டு மெரினா என்று பேர் வைத்தார். நாம் சுண்டல் தின்கிற இடத்துக்கு வயது நூற்றைம்பதுகூட ஆகவில்லை.

கீழ்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டுமல்லவா? சுற்றுலா வருகிற யாரும் ராயபுரத்துக்கு வடக்கே, காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் போவதில்லை. வந்து சேர வேண்டிய மணல் வராததால் அங்கே கடல் தெருவையும் வீட்டையும் தின்றது. இப்போது கரை நெடுகப் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். மெரினாவின் அழகுக்கு விலை கொடுத்தவர்கள் வடசென்னை மீனவர்கள். ராயபுரம் போனால் ரயில் நிலையத்தையும் பார்த்துவிடுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் அங்கிருந்துதான் கிளம்பி வாலாஜா ரோடு வரை போனது. (அது நம் வாலாஜாபாத் இல்லை, ராணிப்பேட்டைப் பக்கம்.)

இன்னொன்றும் வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். நம் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. பாலாறு கல்பாக்கத்துக்குப் பக்கத்தில், அதாவது சென்னைக்குத் தெற்கே, கடலில் விழுகிறது. அங்கே விழுந்த மணல் வடக்கே நகர்ந்தால் எங்கே வரும்? “அப்ப இதுல நம்மூரு மணலும் இருக்கும்ன்றீங்க.” இருக்கலாம் என்றேன்.

கடல் விலகியதற்குச் சாட்சியாகச் சாலையிலேயே ஒரு கட்டடம் நிற்கிறது. விவேகானந்தர் இல்லம் என்று இப்போது பெயர். ஊரார் வாயில் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் ஏற்றி வந்து, இங்கே கரையில் இறக்கிச் சேமிக்க 1842இல் டியூடர் கம்பெனி கட்டியது. வெள்ளைக்காரத் துரைமார் குளிர்ச்சியாகக் குடிக்க இத்தனை பாடு! பிறகு இயந்திரம் ஐஸ் செய்யத் தொடங்கியதும் தொழில் படுத்துவிட்டது. 1897இல் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி வந்தபோது ஒன்பது நாள் இங்கே தங்கினார்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் கலங்கரை விளக்கம். உயர் நீதிமன்ற விளக்குக்குப் பதிலாக 1977இல் வந்தது. மேலே போக லிஃப்ட் உண்டு, முழங்கால் வலிக்காரர்களும் பார்க்கலாம். சாலை, மணல், கடல் மூன்றும் கோடு போட்டது போல் தெரியும். சற்று முன் சொன்ன கதை அங்கிருந்து பார்த்தால் நன்றாகப் புரியும். கடலில் மட்டும் இறங்க வேண்டாம். கரையை ஒட்டியே ஆழம், இழுப்பும் உண்டு. ஏரியில் நீச்சல் தெரியும் என்பது அங்கே செல்லாது.

கோயில்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. காஞ்சிபுரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோயில் பார்க்கச் சென்னைக்குப் போக வேண்டுமா? திருவல்லிக்கேணி பார்த்தசாரதியையும் மயிலாப்பூர் கபாலீஸ்வரரையும் வழியில் சேவித்துவிட்டு வரலாம். நண்பகலில் நடை சாத்தியிருக்கும். திருவல்லிக்கேணியில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். தியாகராய நகரைத் தவறவிடலாம். நம் மாவட்டத்தில் நெய்த பட்டுச் சேலையை அங்கே போய்க் கூட்டத்தில் இடிபட்டு வாங்கி வருவதை நான் சுற்றுலாவில் சேர்க்க மாட்டேன்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். 1851இல் தொடங்கியது. அமராவதி ஸ்தூபியின் சுண்ணாம்புக் கற்சிற்பங்கள் ஒரு கூடம் நிறைய. செப்புத் திருமேனிகளின் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நின்றால் நேரம் போவது தெரியாது. கோயிலில் பட்டும் மாலையும் மறைத்த மேனியை இங்கேதான் முழுதாகப் பார்க்க முடியும்.

சாப்பாட்டுக்கு ஒன்று சொல்கிறேன். கடற்கரை நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் இருக்கிறது. 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டு வந்த தமிழர்கள் 1969இல் கடை போட்ட இடம். அந்தப் பக்கத்துச் சந்துகளில் சாயங்காலம் தள்ளுவண்டிகளில் அத்தோ விற்பார்கள்: நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மேலே பொரித்த பேஜோ. வீட்டுக்காரம்மா முதல் வாய்க்கு முகம் சுளித்தாள், இரண்டாவது தட்டு கேட்டாள்.

மார்கழி, தை மாதங்களில் போங்கள், வெயில் அடங்கியிருக்கும். கோட்டை வாசலில் கேட்பார்கள், ஆதார் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கலங்கரை விளக்கத்துக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பவே கிளம்பாதீர்கள்: கோட்டையிலும் எழும்பூரிலும் இரண்டு அருங்காட்சியகமும் மூடியிருக்கும்.