சுவரே பம்ப்

ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் சுரங்க வளையத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அது ஹிக்ஸ் துகளில்தான் போய் நிற்கும். 2012இல் துகள் அகப்பட்டது, மறு ஆண்டு நோபல் பரிசு கோட்பாட்டாளர்களுக்குப் போனது. நியாயம்தான். ஆனால் அந்த வளையத்தில் துகள்களை ஓடவிடும் இயந்திரம் ஓடுவதே குளிரையும் வெற்றிடத்தையும் நம்பித்தான். அந்த இரண்டையும் கட்டி மேய்த்தவர்களின் பெயர் வெளியே யாருக்கும் தெரியாது.

வளையத்தில் ஓடும் புரோட்டான்களை வளைத்துத் திருப்ப 1,232 காந்தங்கள், ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம். அவற்றின் கம்பிகளில் பன்னிரண்டாயிரம் ஆம்பியரை நெருங்கும் மின்சாரம் தடையே இல்லாமல் ஓட வேண்டும். ஹீலியம் திரவமாகும் மைனஸ் 269 டிகிரி அதற்குப் போதவில்லை. இன்னும் இரண்டு டிகிரி சொச்சம் இறக்கினால் ஹீலியத்தின் குணமே மாறிவிடுகிறது. பிசுப்பு போய்விடும், குமிழி விடாது, செம்பையும் மிஞ்சி வெப்பத்தைக் கடத்தும். மீப்பாய்மம் என்கிற இந்த விந்தையை 1938இல் மாஸ்கோவில் கபிட்சாவும், கேம்பிரிட்ஜில் ஆலனும் மிஸ்னரும் அறிவித்தார்கள்.

கடைசி இரண்டு டிகிரியை இறக்கித் தருவது பம்ப். மலைமேல் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறதே, அதே கதைதான். ஹீலியத்தின் மேலுள்ள அழுத்தத்தைச் சுமார் 16 மில்லிபாருக்கு இறக்கினால், அது மைனஸ் 271.3 டிகிரியிலேயே ஆவியாகிச் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இதற்கென்று, குளிர்ந்த ஆவியை அப்படியே இழுத்து அமுக்கும் கம்ப்ரசர்களைச் செய்தார்கள். அவற்றின் சுழல்தண்டு எண்ணெயைத் தொடாமல் காந்தப்புலத்தில் மிதந்தபடி சுற்றுகிறது.

பம்ப் தந்த குளிர், பதிலுக்கு வெற்றிடத்தைத் தருகிறது. துகள் ஓடும் குழாயின் சுவர் அத்தனை குளிர்ந்திருப்பதால், மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறுகள் அதில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் ஓடும் புரோட்டான்கள் உமிழும் ஒளி பட்டால் ஒட்டியவை மறுபடி கிளம்பிவிடும். அதனால் குழாய்க்குள் இன்னொரு மெல்லிய குழாய், அதில் நீளவாக்கில் சிறு துளைகள். துளை வழியே பின்னால் நழுவிய மூலக்கூறின் மேல் ஒளி படாது. கிடைக்கும் வெற்றிடம், நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு என்கிற அளவு.

இந்தக் கூட்டணி முறிந்தால் என்ன ஆகும் என்பதை 2008 செப்டம்பர் 19 காட்டியது. முதல் துகள் கற்றை சுற்றிவந்து ஒன்பதே நாள். இரு காந்தங்களுக்கு இடையே ஒரு மின் இணைப்பு சரியில்லை. அங்கே வெடித்த மின்பொறி ஹீலியக் கலனைத் துளைத்தது. திரவம் வெற்றிட உறைக்குள் பாய்ந்து ஆவியாகி விரிந்த வேகத்தில், பல டன் எடையுள்ள காந்தங்கள் பீடத்தைவிட்டு நகர்ந்தன. சுமார் ஆறு டன் ஹீலியம் போயிற்று. 53 காந்தங்களை மேலே தூக்கிவந்தார்கள். மீண்டும் துகள் ஓட 2009 நவம்பர் ஆயிற்று.

என்னைக் கேட்டால், இதிலுள்ள மிகச் சாமர்த்தியமான வேலை குளிரே இல்லாத பகுதிகளில்தான் இருக்கிறது. சில கிலோமீட்டருக்குக் குழாய் அறை வெப்பத்திலேயே கிடக்கிறது. அங்கே சுவரை எப்படி உறிஞ்ச வைப்பது? பழைய வால்வு ரேடியோவைத் திறந்தவர்கள் கண்ணாடிக்குள் வெள்ளிபோல ஒரு பூச்சைப் பார்த்திருப்பார்கள். மிஞ்சிய வாயுவைப் பிடித்துவைக்கும் பேரியம் அது. செர்னின் கிறிஸ்டோஃபோரோ பென்வெனூட்டி அதே யோசனையை நீட்டினார். டைட்டானியம், சிர்கோனியம், வனேடியம் மூன்றும் கலந்த, ஒரு மைக்ரான் அளவே தடிமனான பூச்சை அவர் குழுவினர் குழாயின் உட்புறம் முழுக்கப் படியவைத்தார்கள். இருநூறு டிகிரிக்குச் சூடேற்றினால் மேல்தோலின் ஆக்சிஜன் உள்ளே ஊறிப்போக, தோல் புதிதாகிறது; ஹைட்ரஜனையும் நைட்ரஜனையும் மறுபடி பிடிக்கத் தொடங்குகிறது. மீத்தேனும் ஆர்கானும் மட்டும் வசப்படாது, அவற்றுக்குத் தனி பம்ப் வேண்டும். ஸ்வீடனின் லுண்ட் நகரில் 2016இல் திறந்த மேக்ஸ் ஃபோர் என்கிற துகள்முடுக்கி ஒளிமூலம் இந்தப் பூச்சை நம்பியே மிகக் குறுகலான குழாய்களோடு கட்டப்பட்டது.

பென்வெனூட்டி அதோடு விடவில்லை. காற்றில்லாத பெட்டிக்குள் சூரிய வெப்பத்தைப் பிடித்தால் அது வெளியே கசியாது என்று கணக்குப் போட்டு, இதே உறிஞ்சும் உத்தியோடு தட்டையான சூரியத் தகடுகளை உருவாக்கினார். ஜெனீவா விமானநிலையக் கூரையில் ஏறத்தாழ முந்நூறு தகடுகளைப் பதிக்கத் திட்டமிட்டார்கள். குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கவும், கோடையில் அதே வெப்பத்தைக் கொண்டு குளிர்விக்கவும்.