உங்களுக்குத் தெரியுமா? காணாமல் போகும் பெட்டி
ஆட்டோகேடில் வரைபடம் திறக்கப் போனால் கோப்புப் பெட்டி வராமல், கீழே கட்டளை வரி மட்டும் பெயர் கேட்கிறதா? மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டாம். ‘ஃபைல்டயா’ என்ற அமைப்பின் மதிப்பு 0 ஆகியிருக்கும். பெரும்பாலும் பாதியில் நின்றுபோன ஸ்கிரிப்டோ லிஸ்ப் நிரலோ செய்த வேலை. ரெஜிஸ்ட்ரியில் பதிவாகிவிடுவதால் கணினியை அணைத்துப் போட்டாலும் மாறாது. ‘ஃபைல்டயா’ தட்டி 1 கொடுங்கள், பெட்டி வந்துவிடும். அவசரத்துக்கு, பெயர் கேட்கும் இடத்தில் ~ குறியைத் தட்டினாலே அந்த ஒரு முறைக்குத் திறக்கும்.

ஆட்டோகேடின் கட்டளைச் சுருக்கங்கள் இருக்கும் ‘ஏகேட்.பிஜிபி’ வெறும் உரைக் கோப்புதான். நோட்பேடில் திருத்தி ‘ரீஇனிட்’ கட்டளை கொடுத்தால், மென்பொருளை மூடாமலே நடைமுறைக்கு வரும். திருத்துமுன் நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.