இலவச கேமும் தோட்டத்துச் சம்பளமும்: விற்பனைப் பட்டியல் சொல்லாத கணக்கு

உலகில் அதிகம் விற்பனையான வீடியோ கேம்களின் பட்டியலில் முதலில் நிற்பது மைன்கிராப்ட். அது 300 மில்லியன் பிரதிகளைத் தாண்டிவிட்டதாக 2023 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அடுத்தது 2013இல் வெளிவந்த ஜி.டி.ஏ. 5. அது 200 மில்லியனைக் கடந்துவிட்டது. 1984இல் மொஸ்கோவில் உருவான டெட்ரிஸின் எல்லாப் பதிப்புகளையும் சேர்த்தால் முதலிடம் அதற்கே என்று வாதிடுவோரும் உண்டு.

ஹற்றன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகளின் கையிலுள்ள போன்களில் இந்தப் பெயர்களைவிட ஃப்ரீ ஃபயர், பப்ஜி என்ற பெயர்களே அதிகம் பழக்கம். அதற்கு முதற்காரணம் விலை. கணினிக்கான மைன்கிராப்ட் சுமார் 30 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 9,000 ரூபா. 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் ஒரு கேமுக்கு ஏறக்குறைய ஏழு நாள் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது.

விற்பனைப் பட்டியல் காசு கொடுத்து வாங்கிய பிரதிகளை மட்டுமே எண்ணுகிறது. ஒரு காலத்தில் கடைகளில் மலிவாகக் கிடைத்த கொப்பி சீடிகள் அதில் இல்லை. இலவசமாகத் தரவிறக்கப்படும் கேம்களும் இல்லை. 2017இல் வந்த ஃப்ரீ ஃபயர், கூகுள் பிளேயில் மட்டும் 1 பில்லியனுக்கு மேல் தரவிறக்கப்பட்டது. விலை குறைந்த போனிலும் ஓடும்படி செய்யப்பட்டதே அது பரவியதற்கு முக்கிய காரணம்.

இலவசமென்றால் கம்பனிக்கு வருமானம் எப்படி? கேமுக்குள் 'டயமண்ட்' விற்கிறார்கள். அதைக் கொண்டு உடை, துப்பாக்கிக்கு அலங்காரம், அதிர்ஷ்டச் சுழற்சி என்று வாங்கலாம். 'இன்னும் இரண்டு நாள்தான்' என்று அவசரப்படுத்துவார்கள். உடை இல்லாத பிள்ளையைக் கூட்டாளிகள் கேலி செய்வதும் உண்டு. ஒரு தடவைக்குப் போவது சிறு தொகைதான். டேட்டா ரீலோடையும் சேர்த்து மாத முடிவில் கூட்டினால்தான் பாரம் தெரியும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழிப் படிப்புக்காகக் கடன்பட்டு ஸ்மார்ட்போன் வாங்கிய குடும்பங்கள் பல. படிப்புக்கு வந்த போன் விளையாட்டுக்கும் போனது. அதற்குப் பிள்ளையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. லயன் அறைக்கு வெளியே விளையாட மைதானம் எத்தனை தோட்டங்களில் இருக்கிறது?

எங்கள் வீடுகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், 2009 வரை போருக்குள் அகப்பட்ட குடும்பங்கள் பல. போனிலிருந்து வரும் வெடிச்சத்தம் பிள்ளைக்கு விளையாட்டு. அம்மம்மாவுக்கு அது வேறு. சத்தத்தை நிறுத்தி விளையாடச் சொல்வதோடு, ஏன் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லலாம்.

பெற்றோர் செய்யக்கூடியவை எளிமையானவை. கூகுள் பிளே அமைப்பில், எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். வங்கி அட்டை இலக்கத்தைப் போனில் சேமிக்க வேண்டாம். ரீலோட் போடும் நாட்களைக் கொப்பியில் குறித்து, மாத முடிவில் பிள்ளையையே கூட்டச் சொல்லுங்கள். அந்தத் தொகை எத்தனை நாட்சம்பளம் என்று பிள்ளை தானே கணக்குப் பார்க்கட்டும்.