நிழலுக்கு மதிப்பெண் போடும் வரைபடம்

1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களின் வரைபடங்களில் வண்ணம் பூசியது. நம்பிக் கடன் கொடுக்கலாம் என்ற இடம் பச்சை. ஆபத்து என்ற இடம் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. கடன் போகாத இடத்துக்குப் பூங்காவும் போகவில்லை. நெடுஞ்சாலையும் கிடங்கும்தான் போயின. 2020இல் வெளியான ஆய்வு 108 நகரங்களை அலசியது. அவற்றில் 94 விழுக்காட்டில் அந்தப் பழைய சிவப்புப் பகுதிகளின் தரை இன்றும் கூடுதலாகக் கொதிக்கிறது. சராசரி வேறுபாடு சுமார் 2.6 டிகிரி செல்சியஸ்.

வரைபடம் செய்த வினையை வரைபடத்தாலேயே திருத்தும் முயற்சிதான் ‘ட்ரீ ஈக்விட்டி ஸ்கோர்’ என்னும் மரச் சமநிலை மதிப்பெண். 1875இல் தொடங்கிய ‘அமெரிக்கன் ஃபாரஸ்ட்ஸ்’ அமைப்பு இதை 2021இல் நாடு முழுவதற்கும் வெளியிட்டது.

இதற்காக யாரும் தெருத்தெருவாகப் போய் மரங்களை எண்ணுவதில்லை. உயிருள்ள இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை வாரி வீசும். வானிலிருந்து எடுக்கும் படங்களில் இந்த வேறுபாட்டை வைத்துப் பசுமையைப் பிரித்துவிடலாம். ஆனால் புல்லும் அப்படித்தானே வீசும்? அங்கேதான் லைடார் கைகொடுக்கிறது. விமானத்திலிருந்து பாயும் லேசர் துடிப்பில் ஒரு பகுதி உச்சி இலையில் பட்டுத் திரும்பும்; மீதி இடைவெளிகளில் நுழைந்து தரையைத் தொட்டுச் சற்றுப் பிந்தி வரும். அந்த நேர வித்தியாசமே உயரம். புல்தரை கழிந்துவிடும், மரம் நிற்கும்.

பிறகு கணக்கு. ஒரு பகுதியில் எவ்வளவு நிழல் இருக்க வேண்டும் என்ற இலக்கு ஊருக்கு ஊர் மாறும்; பாலைவனத்து ஃபீனிக்ஸிடம் மழைக்காட்டை எதிர்பார்க்க முடியாது. இலக்குக்கும் இருப்புக்கும் உள்ள இடைவெளியை வருமானம், வேலைவாய்ப்பு, இனம், முதியோரும் குழந்தைகளும், உடல்நலம், வெப்பம் போன்றவற்றைச் சேர்த்த முன்னுரிமை எண்ணால் பெருக்குகிறார்கள். பெருக்கி வந்ததை 100லிருந்து கழித்தால் மதிப்பெண். ஒரே அளவு நிழல் குறைந்த இரண்டு தெருக்களில் ஏழைத் தெருவின் மதிப்பெண் தாழும். கன்று முதலில் அங்கே போகும். என் பார்வையில் இந்தக் கருவியின் உயிர் லேசரில் இல்லை, இந்தப் பெருக்கலில்தான் இருக்கிறது. ஃபீனிக்ஸ் நகரம் 2030க்குள் எல்லாப் பகுதிகளிலும் இந்த மரச் சமநிலையை எட்டுவதாக 2021இல் உறுதி எடுத்தது.

வரைபடத்தில் ஏறாத ஒன்றும் உண்டு. டெட்ராய்ட்டில் 2011 முதல் 2014 வரை ஓர் அமைப்பு வீட்டு வாசலில் இலவசமாக மரம் நட முன்வந்தபோது, தகுதியுள்ள சுமார் 7,400 குடும்பங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று ‘வேண்டாம்’ என்றது. மரத்தின் மேல் வெறுப்பில்லை. நகராட்சி முன்பு நட்டவற்றைப் பராமரிக்காமல் விட்டதையும், சருகு கூட்டும் வேலையும் முறிந்த கிளையும் தங்கள் தலையிலேயே விழுந்ததையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். என்ன மரம் நடலாம் என்று இம்முறையும் யாரும் அவர்களைக் கேட்கவில்லை.