வெட்டின துண்டுக்குப் பேர் என்ன? உலைக்கு முன்னாடி இரும்புக்கு நடக்கிற கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

ராஜபாளையத்துல பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போறீங்கன்னு வைங்க. டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்புறார், முன்சக்கரம் திரும்புது. அந்தச் சக்கரத்தையும் முன் அச்சையும் சேர்த்துப் பிடிக்கிற பாகத்துக்கு ஸ்டப் ஆக்ஸில்னு பேரு. ரோட்டுல வர்ற ஒவ்வொரு பள்ளத்தோட அடியும் முதல்ல அதுமேலதான் விழும். அது உடைஞ்சா, அப்புறம் பஸ் டிரைவர் பேச்சைக் கேக்காது.

இப்படி அடி தாங்க வேண்டிய பாகங்களைப் பெரும்பாலும் ஃபோர்ஜிங்லதான் செய்யறாங்க. எஃகை 1,200 டிகிரி செல்சியஸ் பக்கம் காய்ச்சி, டைக்கு நடுவுல வச்சு, சுத்தியலாலயோ பிரஸ்ஸாலயோ அடிச்சு உருவம் கொண்டு வர்றது. நம்ம ஊர் கொல்லுப்பட்டறை செய்யற அதே வேலைதான், பெரிய அளவுல.

ஃபோர்ஜிங்னு தேடினா தீப்பொறி பறக்கிற வீடியோதான் வரும். இன்னிக்கு அதைப் பத்திப் பேசப் போறதில்லை. அதுக்கு முன்னாடி ஒரு மூலையில சத்தமில்லாம நடக்கிற வேலையைப் பத்திப் பேசலாம்: ராடை அளந்து வெட்டுறது, வெட்டின துண்டு எந்த ராடுல இருந்து வந்ததுன்னு மறக்காம இருக்கிறது. ஒரு பாகத்தை நம்பலாமா வேண்டாமாங்கிறது பாதிக்கு மேல இங்கேயே முடிவாகிடும்.

கோன் நுனியில கலர் எதுக்கு?

ராஜபாளையம்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். 1936-ல ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பிச்சதுல இருந்து இது நூல் ஊரு. மில்லுல நூல் சுத்துற பேப்பர் கோனைப் பார்த்திருப்பீங்க. நுனியில ஒரு கலர் இருக்கும். ஒரு கவுண்ட்டுக்கு ஒரு கலர். நாற்பதாம் நம்பர் நூலும் நாற்பத்தி நாலாம் நம்பர் நூலும் பார்க்க ஒரே வெள்ளை. கலந்துட்டா கண்ணுக்குத் தெரியாது. நெய்து சாயம் போட்ட பிறகு துணியில பட்டை பட்டையா காட்டிக் கொடுக்கும்.

எஃகும் அப்படித்தான். பக்கத்துல பக்கத்துல ரெண்டு உருண்டை ராடு கிடக்கு. ஒண்ணு இ.என்.8, சுமார் 0.4 சதவீதம் கார்பன் இருக்கிற சாதாரண எஃகு. இன்னொண்ணு இ.என்.19. அதுலயும் கார்பன் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனா குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்திருக்கு. ரெண்டும் அதே கறுப்பு, அதே துரு, அதே எடை. அதனால ராடோட முனையில பெயின்ட் அடிக்கிறாங்க, ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு கலர். எந்தக் கலர் எந்த கிரேடுங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால கலர் சார்ட் ஒண்ணு சுவத்துல தொங்கும்.

கலர் சொல்றது குடும்பப் பேரு மட்டும்தான். சொந்தப் பேரு ஒண்ணு இருக்கு: ஹீட் நம்பர். எஃகு ஆலையில ஒரு தடவை உருக்கி எடுக்கிற மொத்தக் குழம்புக்கும் பேரு ஒரு ஹீட். சேலம் பக்கம் பொட்டனேரியில இருக்கிற ஜே.எஸ்.டபிள்யூ ஆலை மாதிரி, வண்டிப் பாகங்களுக்கான அலாய் ஸ்டீல் செய்யற இடங்கள்ல ஒவ்வொரு ஹீட்லயும் மாதிரி எடுத்து, கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு, கந்தகம் எவ்வளவுன்னு பார்த்து டெஸ்ட் சர்டிபிகேட் கொடுப்பாங்க. அதுல இருக்கிற நம்பரும், ராடு முனையில பஞ்ச் பண்ணின நம்பரும், கட்டுல தொங்குற டேக் நம்பரும் ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா அந்த லோடை உள்ளே விடாம தனியா ஒதுக்கி வைப்பாங்க.

நாலு மில்லிமீட்டர் கணக்கு

இப்போ வெட்டுறதுக்கு வருவோம். முதல்ல கேக்க வேண்டியது நீளம் இல்லை, எடை.

செஞ்சு முடிச்ச ஃபோர்ஜிங் 2 கிலோன்னு வைங்க. டை முழுசா நிரம்பணும்னா கொஞ்சம் உலோகம் ஓரத்துல பிதுங்கி வெளியே வரணும். அதுக்குப் பேரு ஃபிளாஷ், பிறகு வெட்டி எறிஞ்சிடுவாங்க. அதுக்கு 300 கிராம். சூட்டுல மேல்தோல் செதில் செதிலா உதிரும், அதுக்கு 50 கிராம். ஆக, வெட்ட வேண்டிய துண்டு 2.35 கிலோ.

இதை நீளமா மாத்த, கட்டுமான சைட்ல எல்லாரும் வச்சிருக்கிற அதே சூத்திரம் போதும்: விட்டத்தை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தா, ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும். 50 மி.மீ. ராடுன்னா 2,500-ஐ 162-ஆல் வகுக்கணும், மீட்டருக்கு 15.43 கிலோ. அப்போ 2.35 கிலோவுக்குச் சுமார் 152 மி.மீ.

ராடு 6 மீட்டர். பேண்ட்சா பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் 2 மி.மீ. தின்னுடும். அப்போ ஒரு துண்டுக்கு 154. 38 துண்டு போட்டா 5,852 மி.மீ. முடிஞ்சது. மிச்சம் 148. இன்னும் 4 மி.மீ. இருந்தா 39-வது துண்டு கிடைச்சிருக்கும்! அதே ராடை 1.5 மி.மீ. தின்னுற பிளேடால வெட்டினா 39 துண்டும் வந்து, 13 மி.மீ. மிஞ்சும். ஒரு பிளேடு மாத்தினதுல ராடுக்கு ஒரு பாகம் லாபம். மாசத்துக்கு நூத்துக்கணக்கான ராடு வெட்டுற இடத்துல இது பெரிய காசு.

‘148-லயே அடிச்சிட்டா என்ன?’ன்னு தோணும். எடை குறைஞ்சா டையோட மூலை நிரம்பாது, பாகம் ஊனமாகும். அதிகமானா ஃபிளாஷ் கொழுத்து, டை சீக்கிரம் தேயும். வெட்டு சாய்வா இருந்தா துண்டு டைக்குள்ள நேரா நிக்காது, ஒரு பக்கம் பிதுங்கி இன்னொரு பக்கம் பட்டினி கிடக்கும்.

எதை வச்சு வெட்டுறதுங்கிறதும் முக்கியம். ஷியர் மெஷின் கத்தரிக்கோல் மாதிரி, வேகமா வெட்டும், தூளே விழாது. ஆனா முனை கொஞ்சம் நசுங்கும். கார்பன் அதிகமான எஃகைக் குளிர்ச்சியா வெட்டினா முனையில மயிரிழை விரிசல் விழலாம், அதனால லேசா சூடேத்தி வெட்டுவாங்க. பேண்ட்சா மெதுவா வெட்டும், முகம் சுத்தமா இருக்கும். கேஸ் கட்டிங் பண்ணினா வெட்டின ஓரம் சூட்டுல இறுகி விரிசல் விட வாய்ப்பு உண்டு. முனையில விழுந்த விரிசலை அடிச்சா மறையற மாதிரி இருக்கும். உள்ளே மடிஞ்சு போயிருக்குமே தவிர, ஒட்டிக்காது.

39 துண்டு, ஒரே ஒரு பேரு

இப்போ முக்கியமான விஷயம். ராடு முழுசா இருக்கிற வரைக்கும் முனையில கலர் இருக்கு, பஞ்ச் இருக்கு, அதுக்குப் பேரு இருக்கு. வெட்டின உடனே? பேரு ஒரு துண்டுல மட்டும் தங்கும். மத்த எல்லாம் அநாதை.

அதனால பட்டறையில சில சின்ன விதிகள் உண்டு. பஞ்ச் இருக்கிற முனையைக் கடைசியில வெட்டணும். அந்த முனையை எடுக்கணும்னா, முதல்ல நம்பரை மீதி ராடுக்கு மாத்திப் பதிச்சிட்டுத்தான் வெட்டணும். சா மெஷின் பக்கத்துல ஒரு நேரத்துல ஒரே ஹீட்தான் இருக்கணும். வெட்டின துண்டு விழுற பெட்டிக்கு ஒரு அட்டை: கிரேடு, ஹீட் நம்பர், நீளம், எண்ணிக்கை. பெட்டி உலைக்குப் போனா அட்டையும் கூடவே போகணும். ஃபோர்ஜிங் ஆன பிறகு அந்த ஹீட்டுக்கான குறியீட்டைப் பாகத்து மேலேயே பதிச்சிடுவாங்க.

அப்புறம் எண்ணணும். பத்து ராடு, ராடுக்கு 38 துண்டு, பெட்டியில 380 இருக்கணும். 379 இருந்தா ஒண்ணு எங்கேயோ போயிருக்கு. 381 இருந்தா அதைவிட மோசம், வெளியாள் ஒருத்தர் உள்ளே நுழைஞ்சிருக்கார்.

அந்த வெளியாள் என்ன செய்வார்? இ.என்.19 கூட்டத்துக்குள்ள ஒரே ஒரு இ.என்.8 துண்டு புகுந்துட்டதா வைங்க. அடிக்கும்போது வித்தியாசம் தெரியாது. எல்லாத்தையும் காய்ச்சி எண்ணெய்ல முக்குவாங்க. இ.என்.19 உள்வரைக்கும் கெட்டிப்படும், இ.என்.8 அந்த அளவுக்குக் கெட்டிப்படாது. கெட்டித்தன்மையை நாலஞ்சு பாகத்துலதான் சோதிப்பாங்க, 380-லயும் இல்லை. இந்த ஒண்ணு தப்பிச்சு, ஒரு பஸ்ஸுக்கு அடியில போய் உக்காந்துக்கும்.

மிச்சமான அந்த 148 மி.மீ. துண்டு ஞாபகம் இருக்கா? கலப்படம் ரொம்பவும் அங்கே இருந்துதான் ஆரம்பிக்கும். ‘அப்புறம் ஏதாவதுக்கு ஆகும்’னு மூலையில போட்டு வைப்போம் பாருங்க, அந்தக் குவியல்தான். ஒண்ணு, அப்பவே கலர் அடிச்சு நம்பர் போட்டு வைக்கணும். இல்லைன்னா அப்பவே ஸ்கிராப்புக்குப் போட்டுடணும்.

ஒரே எண், ரெண்டு தகடு

ஒரு நம்பர் இவ்வளவு முக்கியமான்னு கேட்டா, அமெரிக்காவுல நடந்த ஒரு விபத்தைச் சொல்லணும். 1989 ஜூலை 19, யுனைடெட் ஏர்லைன்ஸ் 232. டென்வர்ல இருந்து கிளம்பின டி.சி.-10 விமானத்தோட வால் எஞ்சின்ல விசிறியைத் தாங்குற பெரிய தகடு நடுவானத்துல பிளந்தது. சிதறின துண்டுகள் ஹைட்ராலிக் குழாய்களை அறுத்துடுச்சு. சூ சிட்டியில இறங்கப் பார்த்து விழுந்து நொறுங்கினதுல, 296 பேர்ல 112 பேர் இறந்தாங்க.

அந்தத் தகடு எஃகு இல்லை, டைட்டானியம். ஆனா அதுவும் உருக்கி, வெட்டி, ஃபோர்ஜ் பண்ணினதுதான். உருக்கும்போதே உள்ளே விழுந்த ஒரு குறைதான் வருஷக்கணக்குல விரிசலா வளர்ந்திருக்கு. அதைப் பராமரிப்புச் சோதனையிலயும் கண்டுபிடிக்கலை. விசாரணைக்குழு பழைய பதிவேடுகளைப் புரட்டினப்போ, ஒரே வரிசை எண்ல ரெண்டு தகடு இருந்தது. அதுல ஒண்ணு அல்ட்ராசோனிக் சோதனையில நிராகரிக்கப்பட்டது. விழுந்த விமானத்துல இருந்தது எந்த உருக்குல பிறந்ததுன்னு அந்தப் பதிவேடுகளை வச்சு உறுதியா சொல்ல முடியலை.

இது ஏன் பயமான விஷயம்னா, அதே உருக்குல பிறந்த மத்த தகடுகள் அப்போ வேற விமானங்கள்ல பறந்துட்டு இருக்கும். பதிவு சரியா இருந்தா, ‘இந்த இந்த எண்ணை இறக்கு’ன்னு சொல்லலாம். இல்லைன்னா எல்லாத்தையும் சந்தேகப்படணும். ஹீட் நம்பரோட வேலையே இதுதான். அது தப்பு நடக்காம தடுக்காது, நடந்த தப்பு எங்கெல்லாம் போயிருக்குன்னு காட்டும்.

அரிவாள் பட்டறையிலயும் இதே பாடம்

கடைசியா நம்ம பக்கத்துக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல தென்னந்தோப்பு, மாந்தோப்புன்னு இருக்கிற இந்த ஊர்ப் பக்கம் அரிவாள் இல்லாத வீடு கம்மி. நல்ல அரிவாளுக்கு லாரி ஸ்பிரிங் பட்டைதான் வேணும்னு கேட்டு வாங்குவாங்க. காரணம் இருக்கு. ஸ்பிரிங் எஃகுல கார்பன் 0.5-ல இருந்து 0.6 சதவீதம் பக்கம் இருக்கும். துவைச்சா வாய் கெட்டிப்படும். வீடு கட்டுற எஃப்.இ. 500 கம்பியில கார்பன் அதிகபட்சமே 0.3 சதவீதம்தான். அதுல அடிச்ச வாய் சீக்கிரம் மழுங்கிடும்.

பழைய பட்டைக்கு டெஸ்ட் சர்டிபிகேட் எல்லாம் கிடையாது. அங்கே உதவுறது தீப்பொறி. சாணைக் கல்லுல வச்சுப் பாருங்க. கார்பன் கம்மியான இரும்புன்னா நீளமா, நேரா கோடு போகும். அதிகம்னா நுனி கிளை கிளையா வெடிச்சுப் பூக்கும். இரும்புத்தூள் கலந்த சிவகாசி மத்தாப்புல பொறி கிளை விடுதே, அதுக்கும் கார்பன்தான் காரணம். இந்தச் சோதனை கிரேடு பேரைச் சொல்லாது. ஆனா ‘இது நம்ம கூட்டத்து ஆள் இல்லை’ன்னு சொல்லும்.

பழைய பட்டையில இன்னொரு ஆபத்து, லட்சக்கணக்கான தடவை வளைஞ்சு நிமிர்ந்ததுல ஏற்கெனவே விழுந்திருக்கிற நுண்ணிய விரிசல். அதனால துரு போகத் தேய்ச்சு, நடு ஓட்டைப் பக்கம் நல்லாப் பார்த்து, அந்த இடத்தை ஒதுக்கிட்டுத்தான் வெட்டணும்.

கத்தி அடிக்கக் கத்துக்கிறேன்னு கிளம்பியிருக்கிற நண்பர்களுக்கு: ஒரு பட்டையை நாலா வெட்டினா, வெட்டுறதுக்கு முன்னாடியே நாலு துண்டுலயும் ஒரே எழுத்தைப் பஞ்ச் பண்ணுங்க. ஒரு நோட்டுல தேதி, எங்கே வாங்கினது, எந்த எண்ணெய்ல துவைச்சது, என்ன ஆச்சுன்னு எழுதுங்க. முதல் கத்தி நல்லா வந்தா மீதி மூணையும் நம்பி அதே மாதிரி செய்யலாம். விரிசல் விட்டா, மீதி மூணு எதுன்னு தெரியும். பஞ்ச் செட் விலை அதிகம் இல்லை. பேரில்லாத துண்டை அடிச்சு, அது எப்போ உடையும்னு காத்திருக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்.