எலும்பும் இல்லை, இறாலும் இல்லை... ஆனாலும் இது 'எலும்புக்கூடு இறால்'!

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து ஓரமாக நடக்கும்போது, காய்ந்த குச்சி ஒன்று திடீரென்று கால் எடுத்து வைத்தால் பயப்படாதீர்கள். அது குச்சிப்பூச்சி. இதே வேஷத்தைக் கடலுக்குள் போடும் ஓர் உயிரினம் இருக்கிறது. ஏற்காடு ஏரியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, அது உப்புத்தண்ணீர்வாசி. பார்க்க வேண்டுமானால் சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி, ராமேஸ்வரம் பக்கம் போக வேண்டும்.

ஆங்கிலத்தில் 'ஸ்கெலிட்டன் ஷ்ரிம்ப்', தமிழில் எலும்புக்கூடு இறால். பெயரிலேயே இரண்டு பொய். இதற்கு எலும்பு கிடையாது. இது நாம் தொக்கு வைக்கிற இறாலும் கிடையாது. கடற்கரையில் ஒதுங்கிய பாசியைக் கிளறினால் பொடிப்பொடியாகத் துள்ளி ஓடுமே, அந்த மணல் துள்ளிகளின் பங்காளி. திமிங்கலத்தின் தோலில் ஒட்டி வாழும் 'திமிங்கலப் பேன்' இன்னொரு நெருங்கிய சொந்தம்.

பெரும்பாலானவை ஓரிரு சென்டிமீட்டர்தான். உடம்பு நூல் மாதிரி, கணுக்கணுவாக இருக்கும். இறாலில் நாம் விரும்பிச் சாப்பிடும் வால் பகுதி இதற்குக் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நடுவில் இருக்க வேண்டிய கால்களும் பல இனங்களில் காணாமல் போய்விட்டன. அங்கே இலை போன்ற செவுள்கள் மட்டும் தொங்கும். முன்பக்கம் கும்பிடுபூச்சியைப் போல மடித்து வைத்த பெரிய கொடுக்குக் கைகள். பின்பக்கம் மூன்று ஜோடிக் கொக்கிக் கால்கள்.

அந்தக் கொக்கிதான் இதன் ஆதாரம். பாசி, கடற்புல், பூச்செடி போலக் கிளைக்கும் ஹைட்ராய்டுகள் என்று எதையாவது பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். தண்ணீர் அசைந்தால் தானும் தலையாட்டும். மீன் கண்ணுக்கு அது இன்னொரு பாசிக் கிளை. நகர்வதெல்லாம் அட்டைப்புழு பாணியில், உடம்பை வளைத்து நீட்டி. நீச்சல் சுமார்தான்.

குட்டிகளும் அப்படியே. நண்டு, இறால் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து பல மைல் போகும். இவற்றுக்கு அந்த மிதக்கும் பருவமே கிடையாது. தாயின் வயிற்றுப் பையில் பொரிந்து, அம்மாவின் குட்டி வடிவமாகவே வெளியே வருகின்றன. சில இனங்களில் தாய் குட்டிகளை உடம்பிலேயே சுமந்து காவல் காக்கும்.

ஏற்காட்டின் பெயரைச் சுமக்கும் ஒரு பல்லி இனம் உண்டு: 'நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ்'. அதுபோல இந்தக் கூட்டத்திலும் பாம்பன் பெயரில் ஒருவர் இருக்கிறார். பாம்பனுக்கு அருகே உள்ள குருசடைத் தீவின் கடலோர உயிர்களைப் பற்றி சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், 1927-ல் பி.சுந்தரராஜ் விவரித்த 'சூடோகேப்ரெல்லினா பாம்பனென்சிஸ்'தான் அது.

ஆனால், பிடித்து நிற்க ஏதாவது இருந்தால்தானே இதற்கு வாழ்க்கை? மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். 1986-ல் தேசியப் பூங்கா வந்தது. அதன் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கியே போயின. பாறையும் கடற்புல்லும் அழிந்தால் மீன் வேறு இடம் தேடி நீந்திவிடும். கொக்கிக் காலை மட்டும் நம்பியிருக்கும் இதனால் அது முடியாது.

கப்பலின் அடிப்பாகமோ, மிதக்கும் பாசியோ கிடைத்தால் மட்டும் உலகம் சுற்றும். வடகிழக்கு ஆசியாவைச் சேர்ந்த 'கேப்ரெல்லா மியூட்டிகா' அப்படித்தான் ஐரோப்பா, அமெரிக்கா வரை போய்க் குடியேறியிருக்கிறது. கடல் ஆமையின் ஓட்டில் சவாரி செய்யும் இனமும் உண்டு. டிக்கெட் செலவில்லை!

துறைமுகப் பக்கம் போனால், நாள்பட்ட கயிறு அல்லது மிதவையில் படர்ந்த பாசியைக் கவனியுங்கள். கொஞ்சம் கடல்நீரோடு வெள்ளைக் கிண்ணத்தில் உதறினால், குட்டிக் குட்டியாகத் தலையாட்டும் நூல்கள் தென்படலாம். பார்த்து முடித்ததும் அதே கயிற்றில் விட்டுவிடுங்கள். வெறும் தண்ணீரில் கொட்டினால், பிடிமானம் தேடித் திண்டாடிப்போகும்.