பொம்மைக் கடையில் கிடைத்த யோசனை

நூலகத்தில் புத்தகங்களை எப்படி வகைப்படுத்துவது என்று ஒருவருக்கு யோசனை கொடுத்தது ஒரு பொம்மை என்றால் நம்புவீர்களா?

சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். சேர்ந்த சில நாளிலேயே, பேச்சுத்துணைகூட இல்லாத அந்த வேலை அவருக்குக் கசந்துவிட்டது. பழையபடி வகுப்புக்கே வந்துவிடுகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். முதலில் லண்டனுக்குப் போய்ப் பயிற்சி முடித்து வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார் முதல்வர்.

அந்த லண்டனில், செல்ஃபிரிட்ஜஸ் என்ற பெரிய கடையில், மெக்கானோ பொம்மையைப் பூட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதே துளை போட்ட தகடுகள்தான், அதே திருகாணிகள்தான். மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒவ்வொரு தடவையும் புதுப் பொம்மை!

கணக்கு வாத்தியாருக்குப் பொறி தட்டியது. ஒரு புத்தகம் சொல்லும் விஷயத்தையும் இப்படிச் சிறு கூறுகளாகப் பிரித்து, மறுபடி கோத்து எண் கொடுத்தால் என்ன? கோப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட திருகாணி, மேலும் கீழுமாக வைக்கும் இரண்டு புள்ளிகள், அதாவது கோலன். உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் படிக்கும் கோலன் பகுப்புமுறை உருவான கதை இது.

ஊர் திரும்பியவர் வகுப்பறைப் பக்கம் போகவில்லை. சென்னை நூலகத்திலேயே இருபது வருடம் உழைத்தார்.

பெங்களூரில்தான் அவருடைய கடைசிக் காலம் கழிந்தது. 1962-இல் அங்கே அவர் தொடங்கிய ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தில் இன்றும் பாடம் நடக்கிறது.